வாடகை டிர்ன்டல்

கடை நிலவறையில் இருந்தது. மியூனிக் மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. படியில் இறங்கும்போதே வரிசை தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியர்கள், இத்தாலியர்கள், என்னைப் போல வேலை விஷயமாக வந்து மாட்டிக்கொண்டவர்கள். மூன்று பக்கச் சுவரிலும் கம்பி கட்டி உடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆண்களுக்கு லெடர்ஹோசன் எனப்படும் முழங்கால் அளவுத் தோல் கால்சட்டை. பெண்களுக்கு டிர்ன்டல். எங்கும் பழைய தோலும் சலவைப் பொடியும் கலந்த வாசனை.

மலேசியாவிலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்காக என்னை அனுப்பியிருந்தார்கள். கடைசி வாரத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் வந்து சேர்ந்தது. (பெயரில்தான் அக்டோபர். குளிருக்குப் பயந்து செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.) எங்கள் பிரிவுக்கு ஒரு கூடாரத்தில் மேசை பதிவாகியிருந்தது. நான் பியர் குடிப்பதில்லை. "பரவாயில்ல, சுட்ட கோழி இருக்கு, வா" என்றார்கள். ஜீன்ஸ் போட்டு வரலாமா என்று கேட்டேன். தாராளமாக வரலாம், ஆனால் உனக்கே ஒரு மாதிரியாக இருக்கும் என்றாள் உடன் வேலை செய்த ஹம்பர்க் பெண். அவளிடமும் அந்த உடை இல்லை. ஜெர்மனியின் வட கோடியில் பிறந்தவளுக்கு இது தென்கோடிக்காரர்களின் சமாச்சாரம். அதனால் இருவருமாகக் கடைக்குப் போனோம்.

ஒரு நாள் வாடகை 45 யூரோ, முன்பணம் 100. ஐந்தால் பெருக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் வாடகைக்குத் தள்ளுபடிக் கடையில் பாலியஸ்டர் டிர்ன்டல் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். நல்ல கைத்தையல் வேண்டுமென்றால் கதை வேறு. மான் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்தி, கையால் பூவேலை செய்த லெடர்ஹோசன் ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதை வாங்குகிறவர் சாகும்வரை போடுவார், பிறகு மகன் போடுவான். எனக்கு மகனும் இல்லை, பெட்டியில் இடமும் இல்லை. வாடகையே போதும் என்று முடிவு செய்தேன்.

டிர்ன்டல் நான்கு துண்டுகளாக வருகிறது. உள்ளே கை வைத்த குட்டை வெள்ளை ரவிக்கை. அதன்மேல் இறுக்கமான கையில்லா மேலுடை. மேலுடையோடு சேர்த்துத் தைத்த கொசுவப் பாவாடை. எல்லாவற்றுக்கும் மேலே ஏப்ரன். ஏப்ரன் முடிச்சை இடப்பக்கம் போட்டால் கல்யாணம் ஆகாதவள், வலப்பக்கம் போட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தமாம். கடைப்பெண் இதை ஏதோ வேத வாக்கியம் போலச் சொன்னாள். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "என்னடி, பாவாட சட்டைய போட்டுட்டு சமையல்கட்டுல இருந்து அப்படியே ஓடி வந்த மாதிரி இருக்க" என்று குரல் பதிவு வந்தது. அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடி முன் நின்றிருந்தபோது, பேரனுக்குச் சட்டை பார்க்க வந்த வயதான அம்மையார் ஒருவர் என்னிடம் ஏதோ சொன்னார். கோபமாக இல்லை, பாடம் சொல்லும் குரலில். ஹம்பர்க்காரியின் முகம் மாறியது. என்னவென்று கேட்டேன். "இது கார்னிவல் வேஷம் இல்ல, டிராஹ்ட்னு சொல்றாங்க." டிராஹ்ட் என்றால் மரபுடை. எனக்கு இரண்டடி தள்ளி அதே உடையில், அதே வாடகைச் சீட்டோடு, வாழ்க்கையில் முதல்முறையாக டிர்ன்டல் போட்ட ஹம்பர்க்காரி நின்றிருந்தாள். அம்மையார் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்று இரவு தூங்காமல் படிக்க ஆரம்பித்தேன். இது யாருடைய உடை என்ற ஒரே கேள்விதான். மறுநாள் போட்டுக்கொண்டு போவதா வேண்டாமா என்று முடிவு செய்யவும் வேண்டியிருந்தது.

முதலில் திருவிழாவின் கதை. 1810 அக்டோபர் 12ஆம் தேதி பவேரியாவின் பட்டத்து இளவரசர் லூட்விக், இளவரசி தெரேசெயை மணந்தார். ஐந்து நாள் கழித்து நகர எல்லைக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. மணமகளின் பெயரால் அந்த இடம் தெரேசியன்வீசெ ஆனது, 'தெரேசெயின் புல்வெளி'. இன்றும் கூடாரங்கள் நிற்பது அங்கேதான். அந்தப் பந்தயத்துக்கு முன் நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சிதான் என்னை நிறுத்தியது. நாட்டின் பல பகுதிகளுக்குரிய உடைகளை அணிந்த குழந்தைகள் ஜோடி ஜோடியாக வந்து அரச குடும்பத்துக்கு மரியாதை செய்தார்கள்.

ஏன் குழந்தைகள், ஏன் வட்டார உடைகள்? பவேரியா முடியரசாகி அப்போது நான்கே வருடங்கள் ஆகியிருந்தன. 1806இல் நெப்போலியனின் தயவில் கிடைத்த மகுடம் அது. அதோடு புதுப்புது நிலங்களும் கிடைத்தன. நேற்றுவரை சுதந்திர நகரங்களாகவும் ஆயர்களின் ஆட்சிப்பகுதிகளாகவும் இருந்த ஊர்கள் ஒரே இரவில் 'பவேரியா' ஆயின. 1810இல் நாடு ஒன்பது மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அதில் ஒன்றின் தலைநகர் இன்ஸ்புருக், இன்னொன்றின் தலைநகர் சால்ஸ்பர்க். இரண்டும் இன்று ஆஸ்திரியாவில் உள்ளன. இன்ஸ்புருக்கைச் சுற்றியுள்ள டிரோல் மக்கள் அதற்கு முந்தைய ஆண்டுதான் பவேரிய ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்தார்கள். அவர்களுடைய தலைவர் ஆண்ட்ரியாஸ் ஹோஃபர் அதே 1810 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு மாதம் கழித்துத்தான் இந்தக் குழந்தைகளின் வரிசை. எல்லோரும் எங்கள் பிள்ளைகள், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று காட்டும் வரிசை.

இதைப் படித்ததும் எனக்கு ஆரம்பப் பள்ளி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் தேசிய மாதம். பாஜு கூரோங்கில் ஒருத்தி, சியோங்சாமில் ஒருத்தி, சேலையில் ஒருத்தி, மூவர் கையிலும் சின்னக் கொடி. சேலைக்கு எப்போதும் நான்தான், உயரமாக இருந்ததால். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்கு யாரும் சேலை கட்டிப் பார்த்ததில்லை. அதையும் அம்மா வாடகைக்குத்தான் எடுத்தார். இருநூறு வருடம் முன்பு அந்தப் புல்வெளியில் நின்ற குழந்தைகளில் எத்தனை பேர் தங்கள் வீட்டில் அந்த உடையைப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரச குடும்பம் இந்த வழியை விடவில்லை. 1835இல் லூட்விக், தெரேசெ தம்பதியின் வெள்ளி விழாவுக்கு மரபுடை ஊர்வலம். 1842இல் அவர்களுடைய மகன் மாக்ஸிமிலியனின் திருமணத்துக்கு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மணமக்கள் தத்தம் ஊர் உடையில் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டார்கள். மாக்ஸிமிலியன் அரசரான பிறகு, மரபுடையை ஊக்குவித்தால் பவேரியத் தேசிய உணர்வு வளரும் என்று அதை அரசுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார். ஊக்குவிக்க வேண்டிய நிலை வந்ததற்குக் காரணம், கிராமத்தில் ஆட்கள் அதைக் கழற்றிக்கொண்டிருந்ததுதான். ஆலைத்துணி மலிவு. ரயில் வந்துவிட்டது. நகரத்துக்காரன் போல உடுத்தவே விவசாயியின் மகன் ஆசைப்பட்டான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் யார் எந்தத் துணியை, எந்தச் சரிகையை அணியலாம் என்று சட்டமே இருந்தது. அந்தத் தளை விட்டுப்போனதும் யாராக இருந்தாலும் பிடித்ததைத்தானே போடுவார்கள்?

லெடர்ஹோசனும் அப்படி அழிந்துகொண்டிருந்த ஒன்றுதான். 1883இல் பாயரிஷ்செல் என்ற மலைக் கிராமத்து ஆசிரியர் யோசஃப் ஃபோகல் நண்பர்களைச் சேர்த்து, குட்டைத் தோல் கால்சட்டையைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். மரபுடைச் சங்கங்களில் அதுவே முதலாவது. பிறகு ஊருக்கு ஒன்றாகப் பெருகின. சுவாரசியம் என்னவென்றால், தேவாலயத்துக்கு இது பிடிக்கவில்லை. முழங்கால் தெரிகிறதாம். 1913இல்கூட மியூனிக் பேராயர் அலுவலகம் குட்டை லெடர்ஹோசனை ஒழுக்கக்கேடு என்றது. இன்று கத்தோலிக்கப் பவேரியாவின் அடையாளம் என்று அஞ்சலட்டையில் அச்சிடப்படும் உடையின் நிலை அது. அந்தச் சங்கங்கள் பரப்பியதில் ஒரு மலைப்பள்ளத்தாக்கின் பாணி மெல்ல மெல்ல மொத்த பவேரியாவின் பாணியாகிவிட்டது.

டிர்ன்டலுக்கு வருகிறேன். 'டிர்ன்டல்' என்றால் அந்த வட்டார வழக்கில் இளம்பெண், வேலைக்காரப் பெண். அவள் போட்ட வேலை உடையின் பெயர் 'டிர்ன்டல்கெவாண்ட்', வேலைக்காரியின் உடுப்பு. பருத்தித் துணி, ஏப்ரன், அவ்வளவுதான். சமையல்கட்டு என்று அம்மா சொன்னது இதைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்த நகரத்துப் பணக்காரப் பெண்களின் கண்ணில் இது பட்டது. இறுக்கமான கோர்செட்டில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது விடுதலை. நல்ல துணியில் தைத்துத் தரச் சொன்னார்கள். அப்படித் தைத்து விற்றவர்களில் மிக முக்கியமான இருவர் யூலியஸ் வாலாக், மோரிட்ஸ் வாலாக் என்ற சகோதரர்கள்.

வாலாக் குடும்பம் பவேரியாவைச் சேர்ந்ததில்லை. வடமேற்கே வெஸ்ட்பாலியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் யூதர்கள். 1900இல் மியூனிக்கில் மரபுடைக் கடை திறந்தார்கள். வெறும் துணி வியாபாரமாக அவர்கள் அதைப் பார்க்கவில்லை. கிராமங்களில் வேண்டாமென்று தள்ளப்பட்ட பழைய உடைகள், வண்ணம் தீட்டிய பெட்டிகள், அலமாரிகள், மண்பாண்டங்கள் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். கடையின் பெயரே 'வாலாக் நாட்டுப்புறக் கலை இல்லம்'. 1910இல் அக்டோபர்ஃபெஸ்டின் நூற்றாண்டு விழா. அந்த மாபெரும் மரபுடை ஊர்வலத்துக்கு வாலாக் சகோதரர்கள் உடை கொடுத்தார்கள், அதுவும் இலவசமாக. இதை நான் இரண்டு முறை படித்தேன். பவேரியா தன் மரபை உலகத்துக்குக் காட்டிய நாளில் பவேரியர்கள் போட்டு நடந்த உடைகள் ஒரு கடையிலிருந்து, வெளியூரிலிருந்து குடியேறிய யூதர்களின் கடையிலிருந்து வந்தவை. ஒரு நாளைக்கு வாங்கிப் போட்ட உடைகள்!

பிறகு வளர்ச்சிதான். கடை ரெசிடென்ஸ் தெருவுக்கு, அரண்மனைக்கு எதிரே என்று சொல்லக்கூடிய இடத்துக்கு மாறியது. மூன்றாவது சகோதரர் மாக்ஸ், மியூனிக்குக்குப் பக்கத்து ஊரில் கையச்சுத் துணிப்பட்டறை நடத்தினார். மர அச்சில் பூ செதுக்கி, சாயத்தில் தோய்த்து, துணியில் ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை. நம்மூரில் பாத்தேக் சாப் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் பொறுமை புரியும். 1930இல் பெர்லினில் 'வெள்ளைக் குதிரை விடுதி' என்ற இசை நாடகம் அரங்கேறி ஓடு ஓடென்று ஓடியது. ஆஸ்திரிய ஏரிக்கரையில் நடக்கும் கதை. அதற்கும் வாலாக் கடை உடை கொடுத்தது. நாடகம் போன இடமெல்லாம் டிர்ன்டல் மோகம் போனது.

மாக்ஸின் பட்டறை இருந்த ஊரின் பெயர் டாக்காவ். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933லேயே தங்களுடைய முதல் வதைமுகாம்களில் ஒன்றை அமைத்த அதே ஊர்.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. ஜூனில் சால்ஸ்பர்க் காவல்துறை ஓர் உத்தரவு போட்டது. யூதர்கள் ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் உடைகளைப் பொது இடத்தில் அணியக் கூடாது. லெடர்ஹோசன், டிர்ன்டல், வெள்ளைக் காலுறை, டிரோல் தொப்பி என்று பட்டியலே இருந்தது. மீறினால் 133 ரைஷ்மார்க் அபராதம் அல்லது இரண்டு வாரச் சிறை. கோடையில் மலைக்குப் போகும்போது லெடர்ஹோசன் போட்டுக்கொள்வதில் வியன்னா யூதர்களுக்குத் தனிப் பிரியம் இருந்தது. சிக்மண்ட் பிராய்ட்கூட அப்படி ஒரு படத்தில் நிற்கிறார். அந்த உத்தரவு வந்த மாதம்தான் அவர் வியன்னாவை விட்டு லண்டனுக்குப் போனார்.

அதே ஆண்டு வாலாக் கடை அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. காகிதத்தில் 'விற்பனை'. யூலியஸும் மோரிட்ஸும் அமெரிக்காவுக்குத் தப்பினார்கள். நவம்பரில் டாக்காவ் ஊரிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்டபோது மாக்ஸும் மனைவி மெல்லியும் மியூனிக் வந்தார்கள். 1942இல் இருவரும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். (தெரேசியன்ஷ்டாட்டும் ஒரு தெரேசாவின் பெயரால் அமைந்த ஊர்தான், புல்வெளியின் தெரேசெ வேறு, இவர் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா. ஆனாலும் இரண்டு பெயரையும் ஒரே இரவில் படிக்கும்போது கை நடுங்கத்தான் செய்கிறது.)

கதை அதோடு முடிந்திருந்தால், நாஜிகள் பிடுங்கியதை நான் போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் இன்னொரு பெயர் குறுக்கே வந்தது. கெர்ட்ரூட் பெசென்டோர்ஃபர். இன்ஸ்புருக்கின் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர். நாஜி ஆட்சியில் மரபுடை வேலைகளுக்கான அதிகாரபூர்வப் பொறுப்பாளர். 'புதுப்பிக்கப்பட்ட மரபுடை' என்று வரைபடங்கள், தையல் வெட்டுகள் எல்லாம் தயாரித்தார். டிர்ன்டலின் உயர்ந்த கழுத்துப்பட்டி போனது. கை திறந்தது. இடுப்பு இறுகி, மார்பு எடுப்பானது. உடையிலிருந்து கத்தோலிக்கத்தை உருவிவிட்டார் என்று மரபுடை ஆய்வாளர் எல்ஸ்பெத் வால்னோஃபர் எழுதுகிறார். போர் முடிந்த பிறகும் அந்த வெட்டு மறையவில்லை. அறையில் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்த என் வாடகை டிர்ன்டலைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்துப்பட்டி இல்லை. இடுப்பு இறுக்கம். இதில் வாலாக்கின் பங்கு எவ்வளவு, பெசென்டோர்ஃபரின் பங்கு எவ்வளவு என்று நூலைப் பிரித்தா எடுக்க முடியும்?

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் ஜீன்ஸ் பக்கம்தான் சாய்ந்தேன்.

போருக்குப் பின் மோரிட்ஸ் கடையைச் சட்டப்படி திரும்பப் பெற்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வழிகாட்டிப் பெண்களுக்கு வெளிர்நீல டிர்ன்டல் கொடுத்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை உலகம் மறக்க வேண்டும், புன்னகைக்கும் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் அதுவும் சேர்த்தி. அந்த வழிகாட்டிகளில் ஒருவர்தான் பின்னாளில் சுவீடன் அரசியான சில்வியா. அப்படியும் திருவிழாவுக்கு வந்த பெரும்பாலோர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சாதாரண உடையில்தான் வந்தார்கள். இன்று கூடாரத்தில் ஜீன்ஸ் போட்டவர் தனித்துத் தெரிகிறார் என்றால் அது தொண்ணூறுகளுக்குப் பிறகு, குறிப்பாக 2000க்குப் பிறகு வந்த மாற்றம். அதாவது 'தொன்றுதொட்டு வரும்' இந்தப் பழக்கத்துக்கு ஏறக்குறைய என் வயதுதான். முன்பதிவு மேசைகளும் விமானப் பயணமும் தள்ளுபடிக் கடைப் பாலியஸ்டரும் கூடி உருவாக்கிய வழக்கம். ரயில் நிலையத்துப் பக்கத்து நிலவறைகளும் அதன் பிள்ளைகள்.

கேமரூனில் பிறந்த இரு சகோதரிகள், மாரி தாரூஷும் ராமே வெட்டெரிஷும், 2010இல் மியூனிக்கில் 'நோ நீ' என்ற கடை தொடங்கி, ஆப்பிரிக்க அச்சுத் துணியில் டிர்ன்டல் தைத்தார்கள் என்பதை விடியற்காலை மூன்று மணிக்குப் படித்தேன். மஞ்சளும் ஊதாவும் நீலமும் அள்ளித் தெளித்த துணிகள். வாலாக் 1900இல் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே என்று தோன்றியது. வெளியூர்க்காரர்கள் வந்து, உள்ளூர்க்காரர்கள் கைவிட்டதையோ கவனிக்காததையோ கையில் எடுத்து, அவர்களே திரும்ப ஆசைப்படும்படி செய்வது.

மறுநாள் டிர்ன்டல் போட்டுக்கொண்டுதான் போனேன். கூடாரத்துக்கு முன்னால் ரெசிடென்ஸ் தெருவுக்குப் போகலாமா என்று ஹம்பர்க்காரியைக் கேட்டேன். ஏன் என்றாள். ரயிலில் போகிற வழியில் கதையைச் சொன்னேன். வாலாக் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. மியூனிக் யூத அருங்காட்சியகம் 2007இல் அவர்களைப் பற்றிக் கண்காட்சியே நடத்தியிருக்கிறது என்றேன். "அப்ப நான் ஹம்பர்க்ல ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன்" என்றாள், ஏதோ அவள்மேல் குற்றம் சொன்ன மாதிரி. மூன்றாம் எண் கட்டடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றோம். அந்தக் கடை 2004இல் மூடப்பட்டுவிட்டது. டிர்ன்டலில் நின்று கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு சீனச் சுற்றுலாக் குழு படமெடுத்தது.

கூடாரம் நான் நினைத்ததைவிட மோசமும் இல்லை, உயர்வும் இல்லை. பெஞ்சில் ஏறி நின்று பாடினார்கள். எலுமிச்சைச் சோடா ஒரு லிட்டர் குவளையில் வந்தது. சுட்ட கோழி நன்றாக இருந்தது, கொஞ்சம் சம்பல் இருந்திருக்கலாம். முடிச்சை எந்தப் பக்கம் போட்டிருக்கிறேன் என்று இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். நான் பின்பக்கம் போட்டிருந்தேன். அது விதவைக்கோ பரிமாறும் பெண்ணுக்கோ உரிய இடம் என்று சக ஊழியர் ஒருவர் பதறினார். "வேலைக்காரி உடுப்புதானே" என்றேன்.

ஞாயிறன்று திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மையார் இருப்பாரோ என்று என் கண் தேடியது. இல்லை. இருந்திருந்தால் வாலாக்கின் கதையைச் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் தெரியவில்லை. என் ஜெர்மன் 'நன்றி', 'இந்த இயந்திரம் பழுது' என்ற அளவில்தான் இருக்கிறது. கடைப்பெண் பாவாடையை விளக்கின் கீழே விரித்துப் பார்த்தாள். ஏப்ரனில் கடுகுக் கறை. முன்பணத்தில் 10 யூரோவைப் பிடித்துக்கொண்டாள். மேலுடையைத் தட்டிக் கம்பியில் மாட்டினாள். அவள் கையை எடுப்பதற்குள், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் அதன் விளிம்பைப் பிடித்து அளவு என்னவென்று பார்க்கத் தொடங்கினாள்.